முதல் கர்ப்பப்பை ஸ்கேன்: போவதற்கு முன், போன அன்று, ரிப்போர்ட் வந்த பிறகு

ஒரே ஸ்கேனுக்காக நான் மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை சிறுநீர்ப்பை நிறையவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை மாதவிலக்குச் சுழற்சியின் 24ஆம் நாளில் போய்ப் படுத்தேன். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது, பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சிறிய சதை வளர்ச்சி) இருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, அடுத்த மாதவிலக்கு முடிந்த கையோடு வாருங்கள் என்றார்கள். மூன்றாவது தடவை ஸ்கேன் ஒழுங்காக முடிந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘ரெட்ரோவெர்ட்டட்’, ‘பல்க்கி’, ‘சிஸ்ட்’ என்று மூன்று சொற்கள் இருந்தன. மருத்துவரைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் சரியான தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் மூன்றுமே பயப்படத் தேவையில்லாத விஷயங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். என் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது, மாதத்தின் எந்த நாளில் அது எப்படி மாறுகிறது என்பது எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு வீண் நடையும் இரண்டு ஸ்கேன் கட்டணமும். நீங்கள் ஒரே நடையில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நம் பேச்சில் எல்லாமே ‘அடிவயிறு’ அல்லது ‘கர்ப்பப்பை’. வலி எங்கே என்று கேட்டால் கர்ப்பப்பையில் என்போம். மருத்துவர் அதை அப்படியே குறித்துக்கொண்டால் தேடுதல் தவறான இடத்தில் தொடங்கும். வலிக்கு விரலை வைத்துக் காட்டுங்கள், உறுப்பின் பெயரைச் சொல்ல வேண்டாம். தொப்புளுக்குக் கீழே நடுவிலா, வலப்பக்கமா, இடப்பக்கமா, முதுகின் கீழ்ப்பகுதியிலா, அவ்வளவு போதும்.

இரண்டு சொற்கள் பெரிய குழப்பம் தருகின்றன. ‘கர்ப்பப்பை வாய்’ என்றதும் வெளியே தெரியும் திறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது யோனிக் குழாயின் உள் முனையில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. இன்னொன்று ‘நீர்க்கட்டி’. பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறையும் நீர்க்கட்டி என்கிறோம், சினைப்பையில் வரும் தனிக் கட்டியையும் நீர்க்கட்டி என்கிறோம். இரண்டும் வேறு. இதைப் பற்றி எட்டாவது படியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைத் தூங்கவிடாத சொல் அதுதான்.

2. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள்

படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து தொடங்குங்கள்.

வெளிப்பகுதி முழுவதற்கும் வல்வா என்று பெயர். பெரிய உதடுகள், அவற்றுக்குள் சிறிய உதடுகள், அவை மேலே சேரும் இடத்தில் கிளிட்டோரிஸ். அதற்குக் கீழே சிறுநீர் வரும் சிறிய துளை, அதற்கும் கீழே யோனித் திறப்பு, கடைசியாக மலவாய். ஆக மூன்று தனித்தனித் திறப்புகள். சிறுநீரும் மாதவிலக்கு இரத்தமும் ஒரே வழியில் வருகின்றன என்று குழந்தை பெற்றவர்களில்கூடச் சிலர் நம்புகிறார்கள். சிறிய உதடுகளின் நீளமும் நிறமும் ஆளுக்கு ஆள் நிறைய மாறும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததும் இயல்புதான்.

யோனி என்பது தசையாலான ஒரு குழாய். நீளம் சுமார் 7 முதல் 10 செ.மீ. சாதாரண நேரத்தில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும், தேவைப்படும்போது விரியும். உள்ளே லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையைப் பாதுகாக்கின்றன. இனப்பெருக்க வயதில் அதன் பி.எச். பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். ஸ்கேனுக்குப் போகிறோம் என்று உள்ளே சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு போகாதீர்கள். யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை, அந்தப் பாக்டீரியாக்களுக்கும் கெடுதல்.

யோனியின் உள் முனையில் கர்ப்பப்பையின் வாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். 2.5 முதல் 3 செ.மீ. நீளம். அதற்கு மேலே கர்ப்பப்பை, தலைகீழாக வைத்த பேரிக்காய் போல. குழந்தை பெறாத ஒரு பெண்ணுக்கு வாயையும் சேர்த்து சுமார் 7 முதல் 8 செ.மீ. நீளம், 4 முதல் 5 செ.மீ. அகலம். குழந்தை பெற்றபின் கொஞ்சம் பெரிதாகவே நிற்கும், மாதவிலக்கு நின்றபின் சுருங்கும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் இது. இந்த இடவரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பையை ஏன் நிறைக்கச் சொல்கிறார்கள் என்பதும், கட்டி பெரிதானால் ஏன் அடிக்கடி சிறுநீர் வருகிறது அல்லது மலச்சிக்கல் வருகிறது என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும்.

கர்ப்பப்பையின் சுவரில் மூன்று அடுக்குகள். வெளியே மெல்லிய உறை. நடுவில் தடித்த தசை, அதன் பெயர் மயோமெட்ரியம். பிரசவத்தில் சுருங்குவதும் மாதவிலக்கு நாளில் சுருக்கென்று பிடிப்பதும் இந்தத் தசைதான். உள்ளே எண்டோமெட்ரியம் என்கிற உட்சுவர். மாதாமாதம் வளர்ந்து உதிர்வது இது.

கர்ப்பப்பையின் மேல்மூலைகள் இரண்டிலிருந்தும் கருக்குழாய்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம். நுனியில் விரல்கள் போன்ற இழைகள் இருக்கும். சினைப்பை வெளிவிடும் முட்டையை அவை வாரி எடுத்துக்கொள்ளும். விந்தணு முட்டையைச் சந்திப்பது பெரும்பாலும் குழாயின் அகன்ற பகுதியில், கர்ப்பப்பைக்குள் அல்ல. குழாய் ஒழுங்காக இருந்தால் சாதாரண ஸ்கேனில் அது தெரியவே தெரியாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சினைப்பைகள் பக்கத்துக்கு ஒன்று, பாதாம் பருப்பு வடிவம், நீளம் சுமார் 3 செ.மீ. குழாயின் நுனி சினைப்பையோடு ஒட்டி மூடியிருக்கும் என்று நினைக்காதீர்கள், வயிற்றுக்குழிக்குள் அது திறந்தே இருக்கிறது. ஒரு பெண் பிறக்கும்போதே அவள் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்படையும் வயதில் அது 3 முதல் 4 லட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாளில் வெளிவருவதோ சுமார் 400 முதல் 500 தான்.

கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் பி.ஓ.டி. என்று வருவது அதுதான், டக்ளஸ் பை.

3. சரியான நாளைப் பிடியுங்கள்

என் இரண்டாவது நடை வீணானது இங்கேதான். கணக்கு எளிது. இரத்தப்போக்கு முழுதாகத் தொடங்கும் நாள் 1ஆம் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டிருந்தால் அது சேராது. இரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுவதும் தப்பு.

உட்சுவரில் பாலிப் இருக்கிறதா, ஃபைப்ராய்டு என்கிற தசைக்கட்டி உள்ளறைக்குள் துருத்துகிறதா என்று பார்க்க இரத்தப்போக்கு முடிந்தவுடன் வரும் நாட்கள் நல்லது, தோராயமாக 5 முதல் 10ஆம் நாள் வரை. அப்போது உட்சுவர் மெல்லியதாக இருக்கும், சின்னப் பாலிப்கூட மறைய முடியாது. முட்டைகளின் இருப்பை எண்ணும் ஸ்கேன் என்றால் 2 முதல் 5ஆம் நாளுக்குள் கூப்பிடுவார்கள், அதாவது இரத்தப்போக்கு இருக்கும்போதே. தயங்காதீர்கள், அவர்களுக்கு அது தினசரி வேலை. முட்டை வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும் ஸ்கேன் 9 அல்லது 10ஆம் நாள் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும். முட்டைப்பை, அதாவது சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு நீர்ப்பை, 18 முதல் 25 மி.மீ. வரை வளர்ந்தபின் வெடிக்கும். இதற்கு ஒரே மாதத்தில் நாலைந்து நடை ஆகும், அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பெரிய ஃபைப்ராய்டைப் பார்க்க மட்டும் என்றால் எந்த நாளும் சரிதான்.

ஸ்கேனோடு இரத்தப் பரிசோதனையும் எழுதியிருந்தால் கவனம். முட்டைப்பையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 2 முதல் 4ஆம் நாளுக்குள் எடுப்பது. முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் பரிசோதனைக்கு ‘21ஆம் நாள்’ என்று எழுதித் தருவார்கள். அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். அதன்படி 35 நாள் சுழற்சிக்காரர் 21ஆம் நாளில் இரத்தம் கொடுத்தால் முட்டையே வெளிவரவில்லை என்பது போன்ற முடிவுதான் வரும். அவருக்குச் சரியான நாள் 28. சுழற்சி நீளத்தை மருத்துவரிடம் சொல்லி நாளை மாற்றிக் கேளுங்கள்.

மாதவிலக்கே ஒழுங்காக வராதவர்கள் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எப்போது வரலாம் என்று மருத்துவரே சொல்வார்.

4. எந்த வகை ஸ்கேன் என்று முன்பே கேளுங்கள்

வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது ஒரு வகை. யோனி வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்ப்பது இன்னொரு வகை, அதை டி.வி.எஸ். என்பார்கள். இரண்டிலும் ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது.

முதல் வகைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலைத் தள்ளிவிட்டு, ஒலி அலைக்கு ஒரு சன்னல் போல வழிவிடும். டி.வி.எஸ்.ஸுக்கு நேர்மாறு, பை காலியாக இருக்க வேண்டும். கருவி உறுப்புகளுக்குப் பக்கத்திலேயே போவதால் உட்சுவரும் சினைப்பையும் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் தொலைவு எட்டாது. கர்ப்பப்பை பெரிதாகி மேலே ஏறியிருந்தால் வயிற்றின் வழியாகவும் பார்த்தாக வேண்டும். இதனால்தான் பல இடங்களில் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறார்கள்.

இதுவரை உடலுறவு கொள்ளாதவர் என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு டி.வி.எஸ். பொதுவாகச் செய்வதில்லை, வயிற்றின் வழியாகவே பார்ப்பார்கள். கூட வந்திருப்பவர் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. திருமணம் ஆனவர் என்ற ஒரே காரணத்துக்காகவும் டி.வி.எஸ்.ஸுக்குச் சம்மதித்தே ஆக வேண்டும் என்றில்லை. பெண் பணியாளர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கருவியின் மேல் ஒரு உறை மாட்டுவார்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள்.

5. கையில் எடுத்துப்போக வேண்டியவை

மருத்துவர் எழுதிய சீட்டு முதலில். அதில் ‘ஸ்கேன்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எதைத் தேடுகிறார் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அதிக இரத்தப்போக்கு, பாலிப் உண்டா’ என்று இருந்தால் பார்ப்பவர் அங்கே கூடுதல் நேரம் செலவழிப்பார். என் முதல் சீட்டில் அந்த வரி இல்லை.

கடைசி மூன்று மாதவிலக்குகளின் தொடக்கத் தேதிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்.எம்.பி. என்ன என்று கேட்பார்கள், அது கடைசி மாதவிலக்கின் முதல் நாள். ‘போன மாதம் நடுவில்’ என்ற பதிலை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். 3 செ.மீ. கட்டி என்பது ஒரு செய்தி, போன வருடமும் அதே 3 செ.மீ. என்பது வேறு செய்தி. சிசேரியன், கட்டி அகற்றல் போன்ற அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை உட்சுவரை மெல்லியதாக்கலாம், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் அதைத் தடிக்கச் செய்யலாம். இது தெரியாமல் அளவை மட்டும் பார்த்தால் முடிவு தவறிப்போகும். காப்பர் டி போட்டிருந்தால் போட்ட தேதியைச் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடையாள அட்டை, காப்பீட்டுத் தாள், ஒரு நாப்கின், ஜெல்லைத் துடைக்க ஒரு துண்டு. மேலுடை கீழுடை தனித்தனியாக இருந்தால் பாதி உடம்பை மட்டும் திறந்தால் போதும்.

6. செலவை முன்கூட்டியே பிரித்துக் கேளுங்கள்

‘ஸ்கேனுக்கு எவ்வளவு’ என்று ஒரு கேள்வியோடு நிறுத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வயிற்று ஸ்கேனும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து ஒரே கட்டணமா, தனித்தனியா? இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் தேவைப்பட்டால் கூடுதலா? முப்பரிமாணப் படம் எடுத்தால்? எதிர்பார்த்தது தெரியாமல் மறுநாள் வரச் சொன்னால் மறுபடி கட்டணமா? படங்களின் நகல் இதில் சேர்த்தியா? முட்டை வளர்ச்சி ஸ்கேன் என்றால் ஒவ்வொரு நடைக்கும் பணமா, மொத்தமாக ஒரு தொகையா? எனக்குத் தெரிந்த ஒருவர் மொத்தத் தொகை இருப்பதே தெரியாமல் ஐந்து நடைக்கும் தனித்தனியாகக் கட்டினார்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்நோயாளியாகச் சேராமல் செய்யும் பரிசோதனைக்குப் பல திட்டங்களில் பணம் வராது. குழந்தையின்மை என்ற காரணம் சீட்டில் இருந்தாலும் மறுக்கும் திட்டங்கள் உண்டு. காரணத்தை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் திட்டத்தில் என்ன வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் போதும்.

7. ஸ்கேன் அன்று

வயிற்று ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து முடித்திருக்க வேண்டும். குடித்தபின் சிறுநீர் கழிக்கக் கூடாது. ஸ்கேன் அறை வாசலில் போய் நின்று கடகடவென்று குடித்தால் தண்ணீர் வயிற்றில்தான் இருக்கும், சிறுநீர்ப்பைக்கு வர நேரமாகும். நான் செய்த தப்பு அதுதான். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அளவுக்கு மீறி நிறைந்தாலும் தொல்லை. பை உப்பிக் கர்ப்பப்பையை நசுக்கும், அளவுகள் பிசகும். வரிசை நீண்டு, தாங்க முடியவில்லை என்றால் வரவேற்பில் சொல்லுங்கள். கொஞ்சம் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் உங்களை முன்னால் அனுப்புவார்கள். இரண்டு வகையும் செய்வதாக இருந்தால் வயிற்று ஸ்கேன் முதலில், அப்புறம் கழிப்பறை, அப்புறம் டி.வி.எஸ். இந்த வரிசையை மாற்றினால் மறுபடி ஒரு மணி நேரம் தண்ணீர்தான்.

ஸ்கேன் என்னவோ 10, 15 நிமிடத்தில் முடியும். டி.வி.எஸ்.ஸில் அழுத்தம் தெரியும், கூர்மையான வலி இருக்கக் கூடாது. இருந்தால் எந்தப் பக்கம் கருவி படும்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள், அந்தத் தகவலுக்கு மதிப்பு உண்டு. மூச்சை மெதுவாக வெளிவிட்டால் தசை தளரும். இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பார்ப்பவர் முகம் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டே படுத்திருக்காதீர்கள். அவர் திரையில் அளவு குறித்துக்கொண்டிருக்கிறார், எல்லோரும் அப்போது அப்படித்தான் முறைப்பார்கள்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் பெயர், வயது, எல்.எம்.பி. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்.எம்.பி. தவறாக இருந்தால் கீழே உள்ள எல்லா அளவுகளையும் தவறான நாளுக்கு ஒப்பிட்டுப் படிப்பார்கள். அங்கேயே திருத்தி வாங்குங்கள். அடுத்தது அலகு. சில இடங்களில் செ.மீ., சில இடங்களில் மி.மீ. 35 என்று பார்த்துப் பதறுவதற்கு முன் அது மி.மீ.யா என்று பாருங்கள்.

கர்ப்பப்பை என்ற தலைப்பில் ‘ஆன்டிவெர்ட்டட்’ என்றால் முன்பக்கம் சாய்ந்தது, ‘ரெட்ரோவெர்ட்டட்’ என்றால் பின்பக்கம் சாய்ந்தது. ஐந்து பெண்களில் ஒருவருக்குப் பின்பக்கம்தான் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் அது பிறவி அமைப்பு, அதனால் மட்டும் கர்ப்பம் தடைப்படாது. ‘பல்க்கி’ என்றால் சராசரியைவிடக் கொஞ்சம் பெரியது. குழந்தை பெற்றவர்களுக்கு இது சகஜம். தசைக்குள் உட்சுவர்த் திசு ஊடுருவும் அடினோமயோசிஸிலும் இப்படி எழுதுவார்கள், ஆனால் அப்போது வலி, அதிக இரத்தப்போக்கு என்று வேறு அறிகுறிகளும் இருக்கலாம். ‘பல்க்கி’ என்ற சொல் தனியாக ஒரு நோயின் பெயர் ஆகாது.

ஃபைப்ராய்டு இருந்தால் அளவை விட இடத்தைப் பாருங்கள். ‘சப்சீரோசல்’ வெளிப்புறம், ‘இன்ட்ராமியூரல்’ தசைக்குள், ‘சப்மியூகோசல்’ உள்ளறைப் பக்கம். உள்ளறைக்குள் நீட்டிய 2 செ.மீ. கட்டி நிறைய இரத்தப்போக்கைத் தரலாம். வெளிப்புறம் இருக்கும் 5 செ.மீ. கட்டி ஒரு தொந்தரவும் தராமல் வருடக்கணக்கில் கிடக்கலாம். ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய்க்குத் தாவிவிடுகிறோம். ஃபைப்ராய்டு தசைக்கட்டி, மிகப் பெரும்பாலும் தீங்கற்றது.

ஈ.டி. என்பது உட்சுவர்த் தடிமன். இதை நாளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் 1 முதல் 4 மி.மீ., முட்டை வெளிவரும் முன் 11 மி.மீ. வரை, அடுத்த மாதவிலக்கை நெருங்கும்போது 16 மி.மீ. வரைகூட இயல்புதான். ஆகவே 14 மி.மீ. என்ற எண் 24ஆம் நாளில் சாதாரணம், 6ஆம் நாளில் கேள்விக்குரியது. மாதவிலக்கு முற்றிலும் நின்றவர்களுக்குக் கணக்கே வேறு. நின்றபிறகு இரத்தம் பட்டு, தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு பரிசோதனை அவசியம். தடிமன் எவ்வளவாக இருந்தாலும், நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

‘நெபோத்தியன் சிஸ்ட்’ என்று கர்ப்பப்பை வாயில் எழுதியிருந்தால் அது அங்குள்ள சுரப்பியின் அடைப்பு. விட்டுவிடலாம்.

சினைப்பைக்கு மூன்று அளவுகள் இருக்கும், பக்கத்தில் கன அளவு. மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கன அளவு வரும். 3.5 × 2.5 × 2.0 × 0.52 என்றால் 9.1 மி.லி. 10 மி.லி.யைத் தொட்டாலோ தாண்டினாலோ பெரிய சினைப்பை என்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் முதிர்ந்த முட்டைப்பையோ நீர்க்கட்டியோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, கட்டியும் சேர்ந்துதானே அளக்கப்பட்டிருக்கும்.

இப்போது அந்த நீர்க்கட்டி விஷயம். ‘பாலிசிஸ்டிக்’ என்ற பெயரில் சிஸ்ட் இருந்தாலும், அங்கே இருப்பவை கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மி.மீ. அளவில் வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை, வெடிக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். ஒரு சினைப்பையில் 12 இருந்தாலே பாலிசிஸ்டிக் என்று 2003ஆம் ஆண்டு அளவுகோல் சொன்னது. இயந்திரங்கள் துல்லியமான பிறகு ஆரோக்கியமான பெண்களுக்கே 12 தெரியத் தொடங்கியதால், 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் புதிய கருவிகளில் பார்க்கும் டி.வி.எஸ்.ஸுக்கு அதை 20 ஆக உயர்த்தியது. பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்டுகள் இன்றும் வருகின்றன. அதோடு, படத்தை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்ட முடியாது. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் அல்லது ஏ.எம்.எச். (முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்) இரத்தப் பரிசோதனை என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். பூப்படைந்து எட்டு வருடம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேன் தோற்றத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்கிறது வழிகாட்டுதல், அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். பதினாறு வயது மகளுக்கு ‘நீர்க்கட்டி இருக்கிறதாம்’ என்று உறவெல்லாம் சொல்லி வைக்கும் தாய்மார்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

தனிக் கட்டி வேறு வகை. ‘சிம்பிள் சிஸ்ட்’, ‘ஃபங்ஷனல் சிஸ்ட்’ என்றால் மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் மட்டும். மாதவிலக்கு வரும் வயதில் 3 செ.மீ. வரை இருந்தால் அது அந்த மாதத்து முட்டைப்பைதான். அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சியில் தானே கரைந்துவிடும். என் ரிப்போர்ட்டில் இருந்தது 28 மி.மீ., மறுஸ்கேனில் காணவில்லை. ‘காம்ப்ளெக்ஸ்’, ‘சாலிட்’, ‘செப்டேஷன்’ போன்ற சொற்கள் வந்தால் மட்டும் மருத்துவரைச் சந்திக்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பி.ஓ.டி.யில் ‘மினிமல் ஃப்ரீ ஃப்ளூயிட்’ என்றால் கொஞ்சம் நீர். முட்டை வெடித்த பிறகு இது இயல்பு.

கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்ற பகுதி, மொத்த ரிப்போர்ட்டின் முடிவுச் சுருக்கம். அவசரத்தில் அதை மட்டும் படித்தாலும் போதும்.

9. ‘ஸ்கேன் நார்மல்’ என்பது எதையெல்லாம் சொல்லாது

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சாயம் செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே போன்ற தனிப் பரிசோதனை உண்டு. அதையும் இரத்தப்போக்கு நின்றபின், முட்டை வெளிவருமுன் செய்ய வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்மாற்றங்களையும் ஸ்கேன் காட்டாது. அதற்கு வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனை. ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய், இருந்தும் ஸ்கேன் சுத்தமாக வரலாம். மாதாமாதம் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வலித்தால், ‘நார்மல்’ என்ற தாளைக் காட்டி உங்களை வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள்.

10. எப்போது வரிசையில் நிற்கக் கூடாது

மேலே சொன்ன நாள் கணக்கு, சீட்டு, தண்ணீர் எல்லாம் சாவகாசமாகச் செய்யும் ஸ்கேனுக்கு. ஒரு பக்கத்தில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் அடிவயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே தொடர்ந்தால் அதுவும் அவசரம்தான். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், எதையும் சாப்பிடவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

11. மறுஸ்கேன்

‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்றால் காலண்டரில் நேராக மூன்று மாதம் எண்ணாதீர்கள். மூன்றாவது மாதவிலக்கின் 1ஆம் நாள் வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு 5 முதல் 10ஆம் நாளுக்குள் நேரம் வாங்குங்கள். முடிந்தால் அதே இடம், அதே வகை ஸ்கேன். வயிற்றின் வழியாக எடுத்த அளவையும் டி.வி.எஸ். அளவையும் ஒப்பிட்டுக் கட்டி வளர்ந்துவிட்டது என்று கலங்குவதில் அர்த்தமில்லை, இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் அளப்பவர் கையிலேயே வரும். பழைய ரிப்போர்ட், தேதித் தாள், சீட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் அடுத்த ஸ்கேனின் உத்தேசத் தேதியைப் பென்சிலில் எழுதிவையுங்கள். மாதவிலக்கு இரண்டு நாள் முன்பின் வந்தால் அழித்து எழுத வேண்டியிருக்கும்.